முண்டந்துறையில் ஓர் இரவு



கோடை விடுமுறையில் எங்கள் குடும்பம் முண்டந்துறைக் காட்டில் ஓர் இரவு தங்கி வந்த செய்தி எப்படியோ சபை முழுவதும் பரவிவிட்டது. கடந்த இரண்டு ஞாயிறுகளிலும், ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும் வேளையில், உங்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஐயா, புலியைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புலிக்காக மட்டும் இதை வாசிக்கத் தொடங்கியவர்கள் ஏமாற வேண்டாம். வாலிபர் ஐக்கியத்தார் சிலர் வேறொரு கேள்வியும் கேட்டார்கள்: நாங்களும் போகலாமா, கூடாரம் அடித்துத் தங்கலாமா என்று. அதற்குப் பதில் சொல்லும் சாக்கில் இந்த வாரச் சிந்தனையை எழுதுகிறேன்.

கூடாரத்தில் தங்க வேண்டும் என்பது முதலில் என் மகளின் ஆசை. பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்த கையோடு, அலைபேசியில் யார் யாரோ எங்கெங்கோ மலைகளில் கூடாரம் அமைத்து விறகடுப்பில் தேநீர் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம மலையிலேயே போடலாம்ப்பா" என்றாள். நம்முடைய மலையில் அது இயலாது. முண்டந்துறை 1962ஆம் ஆண்டே புலிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட சரணாலயம். களக்காட்டுச் சரணாலயம் 1976இல் சிங்கவால் குரங்கின் பாதுகாப்புக்காக அமைந்தது. இவ்விரண்டையும் இணைத்து 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை ஆகியவை எல்லாம் பின்னர் வந்தவை. இதற்குள் நாம் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் கட்டடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில் தங்கலாம். அவ்வளவே. மகள் சற்று வாடினாள். பின்னர், "கட்டடமானாலும் காட்டுக்குள்ளேதானே இருக்கு" என்று தானே தேற்றிக்கொண்டாள்.

கூடாரத்தின்மேல் அவளுக்கிருந்த ஆசையை நான் குறைவாக எண்ணவில்லை. வேதத்தை வாசிக்கிற நமக்கு அது புதிய ஆசை அல்ல. இஸ்ரவேலர் ஆண்டுதோறும் ஏழாம் மாதத்தில் ஏழு நாட்கள் வீட்டை விட்டு வெளியேறி, இலைதழைகளால் வேய்ந்த கூடாரங்களில் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது கட்டளை. காரைவீடும் கதவும் பூட்டும் உள்ளவன்கூட, தன் முற்பிதாக்கள் கூரையில்லாமல் நடத்தப்பட்டதைத் தன் பிள்ளைகளுக்குப் படுக்கையில் வைத்தே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நம்முடைய திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றிலும் கூடாரத்துக்கு இடமுண்டு. 1854இல் ராக்லாந்து ஐயர் வடதிருநெல்வேலியில் தொடங்கிய ஊழியம் முற்றிலும் கூடாரங்களில் நடந்தது. பங்களாவில் இருந்துகொண்டு ஜனங்களை வரவழைக்கும் முறையை விட்டு, ஊர் ஊராகக் கூடாரத்தைப் பெயர்த்துச் சென்றார்கள். அவர் 1858இல் சிவகாசியில் மரித்தார். வெயிலும் தூசியும் சூழ்ந்த அந்தக் கூடார வாழ்க்கையில் உல்லாசம் எதுவும் இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காட்டில் குடும்பத்தோடு கூடாரமிட்டுத் தங்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் காத்து வருகிறவர்கள் நம்முடைய இந்து அயலகத்தார். ஆடி அமாவாசையின்போது காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றிப் பாட்டி முதல் கைக்குழந்தை வரை வந்து குடில் போட்டு, அங்கேயே சமைத்து உண்டு தங்குவார்கள். முன்பு பல நாட்கள் தங்கியவர்கள், இப்போது வனத்துறை வரையறுத்த சில நாட்களுக்குள், பிளாஸ்டிக் பொருட்களைச் சோதனைச் சாவடியிலேயே கொடுத்துவிட்டுப் போய் வருகிறார்கள். காட்டில் தங்குவதை ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

நாங்கள் ஐவர் புறப்பட்டோம். நானும் மனைவியும், மகளும், ஏழு வயது மகனும், எழுபதைக் கடந்த என் தாயாரும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஆற்றைத் தொட்டும் விட்டும் செல்லும் சாலை. மலை நெருங்க நெருங்கத் தாயார் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்தது இந்த மலையடிவாரத்தில்தான். அவர்களுடைய தகப்பனார் கடலைக்கொடி போட்ட வயலில் பரண் கட்டி, இரவெல்லாம் தகரத்தைத் தட்டிப் பன்றி விரட்டியவர்.

வழியில், நம் சபையிலிருந்து திருமணமாகி மலையடிவாரக் கிராமம் ஒன்றில் வாழும் சகோதரி ஒருவரைச் சந்தித்து ஜெபித்துவிட்டுச் செல்வது என்று முன்பே திட்டமிட்டிருந்தோம். கணவரை இழந்தவர். ஆடு வளர்த்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். சென்ற மாதத்தில் மட்டும் மூன்று ஆடுகளைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. அந்தப் பகுதிக்கு இது புதிதல்ல. 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புப் பகுதிகளில் வனத்துறையினர் கூண்டு வைத்து அடுத்தடுத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். காட்டின் எல்லையும் ஊரின் எல்லையும் அங்கே ஒரு ஓடையின் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மானைத் துரத்திப் பிடிப்பதைவிட, கட்டிப்போட்ட ஆட்டையும் தெருவில் திரியும் நாயையும் பிடிப்பது சிறுத்தைக்கு எளிது.

நாங்கள் முண்டந்துறைக்குப் போகிறோம் என்றதும் அந்தச் சகோதரி சிரித்தார். கோபமான சிரிப்பு அல்ல. "நீங்க அதைப் பாக்கப் போறீங்க ஐயா. இங்க அதுல்லா எங்களைப் பாக்க வருது" என்றார். பிறகு ஆட்டுத்தொழுவைக் காட்டினார். மண்சுவர் இடுப்பளவு. மேலே பனையோலை, ஒரு பக்கம் பிரிந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. என் மகன் வெறுமையாய்க் கிடந்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். நான் ஜெபித்தேன். வழக்கமாக ஜெபிக்கும் சொற்கள் அன்று வாயில் எளிதாக வரவில்லை என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

சோதனைச் சாவடியைத் தாண்டியபின் உலகம் மாறிவிடுகிறது. கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, மேலே ஆற்றுக் காற்று. முண்டந்துறை என்பது தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம். புள்ளிமான்கள் விடுதியின் முன்புறப் புல்வெளிவரை வந்து மேய்ந்தன. மரங்களின் உச்சியில் கருமந்திகள். மலை அணில் ஒன்று, வாலோடு சேர்த்தால் என் மகனின் கையைவிட நீளமானது, கிளைக்குக் கிளை தாவியது. "இது அணில் இல்லப்பா, பூனை" என்று அவன் கடைசிவரை சாதித்தான். நாட்டுக் குரங்குகள் எங்கள் புளியோதரைப் பொட்டலத்தின்மேல் கண்ணாயிருந்தன. கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுத்துப் பழக்கினால் அவை காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டுச் சாலையில் வாகனங்களை எதிர்பார்த்து உட்காரும், அடிபட்டுச் சாகும். இரக்கம் என்று நாம் நினைப்பது அங்கே கொலையாக முடிகிறது.

ஆற்றங்கரையில் சிறிது நேரம் நின்றோம். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல் சேர்கிறது. இந்தக் குறுகிய ஓட்டத்தில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்களால் இரண்டு மாவட்டங்களில் நெல்லும் வாழையும் விளைகின்றன. கோடையிலும் இது வற்றாததற்குக் காரணம், இரண்டு பருவமழைகளையும் பெற்றுக்கொள்ளும் இந்தச் சோலைக்காடு. இலைமக்கும் வேரும் பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்து, சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருக்கின்றன. மான் பெருகிக் கன்றுகளையெல்லாம் தின்றுவிட்டால் காடு தழைக்காது. மானைப் பெருகவிடாமல் காப்பது புலியும் சிறுத்தையும் செந்நாயும். ஆக, நாம் ஞானஸ்நானத் தொட்டியில் நிரப்பும் தண்ணீருக்கும், அந்தச் சகோதரியின் தொழுவில் இறங்கியதற்கும் உறவு உண்டு. இதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நகரத்துக் குழாயில் நான் குடிக்கும் தண்ணீருக்கு விலை கொடுக்கிறவர் அவராக இருக்கிறார்.

இருட்டியது. விளக்குகளை அணைத்தபின் எத்தகைய இருள் என்று சொல்லத் தெரியவில்லை. நம் ஊர்களில் மின்சாரம் நின்றாலும் எங்கோ ஒரு வெளிச்சம் இருக்கும். அங்கே கையை முகத்துக்கு நேரே நீட்டினால் கை இல்லை. சுவர்க்கோழிகளின் இரைச்சல், அதற்கும் அப்பால் ஆற்றின் சத்தம். காணி இனத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வராந்தாவில் எங்களோடு சிறிது நேரம் அமர்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். இரவில் கதவைத் திறக்க வேண்டாம், பிள்ளைகளைத் தனியே வெளியே விட வேண்டாம் என்று மட்டும் இரண்டுமுறை சொன்னார்.

ஒன்பது மணிக்கு மேலிருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து பெரிய ஊதுகுழலை ஒரேமுறை ஊதி நிறுத்தியதுபோல் ஒரு சத்தம். மீண்டும் ஒருமுறை. பிறகு மீண்டும். சுவர்க்கோழிகள்கூட அடங்கியதுபோல் எனக்குத் தோன்றியது.

"மிளா கத்துது ஐயா" என்றார் காவலர். "கீழ ஏதோ நடந்து போகுது."

கடமானைத்தான் நம் பகுதியில் மிளா என்கிறோம். புலியோ சிறுத்தையோ அருகில் இருப்பதை வாடையால் அறிந்தால் அது அப்படிக் கூப்பிடும். பகலில் இந்த வேலையை மர உச்சியிலிருந்து கருமந்தி செய்யும். இரவில் மிளாவும் புள்ளிமானும். சத்தமிடும் மிளா ஓடிவிடுவதில்லை. கால்களை ஊன்றி நின்று, நான் உன்னைக் கண்டுகொண்டேன் என்று அறிவிக்கிறது. பதுங்கி வருகிறதற்கு மறைவு போய்விட்டால் பாதி பலம் போய்விடும் என்றார் காவலர். வந்தது புலியா சிறுத்தையா என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

உள்ளே வந்து கதவைத் தாழிட்டோம். குடும்ப ஜெபத்துக்காக உட்கார்ந்தபோது மகன் என் மடியில் ஏறிக்கொண்டான். அவனுடைய நெஞ்சு அடிப்பதை என் கையால் உணர்ந்தேன்.

"அப்பா, அது இங்க வந்தா இயேசப்பா நம்மளக் காப்பாத்துவாரா?"

பிரியமானவர்களே, பிரசங்கபீடத்திலிருந்து இதற்கு எத்தனையோமுறை பதில் சொல்லியிருக்கிறேன். "காப்பாற்றுவார்" என்ற ஒரு சொல் போதும், பிள்ளை உறங்கிவிடும். பூட்டிய கதவும் கட்டடமும் காவலரும் இருக்க, அந்தச் சொல் பொய்யும் ஆகாது. ஆயினும் அன்று மாலை நான் கண்ட தொழு கண்முன் நின்றது. அந்தச் சகோதரியும் ஒவ்வொரு நாளும் இதே நேரத்தில் பிள்ளைகளோடு முழங்காலில் நிற்கிறவர்தான். அவரிடம் சொல்ல முடியாத ஒன்றை என் பிள்ளையிடம் மட்டும் எப்படிச் சொல்வது? நான் மௌனமாயிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

தாயார் பதில் சொன்னார்கள். "காப்பாத்துவாரு மக்கா. அதையும் அவருதானல காப்பாத்துதாரு."

மகன் யோசித்தான். "அப்போ அதுக்குப் பசிச்சா?"

"அதுக்கும் அவருதான் இரை கொடுக்காரு."

"அப்போ அந்த அத்தையோட ஆடு?"

அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தாயார், தலையணையைத் தட்டிச் சரிசெய்தபடியே சொன்னார்கள்: "அதுக்குத்தான மனுசனை உண்டாக்கியிருக்காரு. மேல கூரை போடத் தெரியணும்லா."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. பாட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் வெகுநேரம் விழித்திருந்தேன். மிளா இன்னும் இருமுறை கத்தியது, தொலைவில்.

வேதத்தில் வனவிலங்குகளைப் பற்றிய பகுதிகளை அன்றிரவு நினைவிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நூற்றுநான்காம் சங்கீதம் நாளை இரண்டாகப் பங்கிடுகிறது. பகல் வேலைக்குப் போகும் மனிதனுக்கு. இரவு இரைதேடும் மிருகத்துக்கு. இரண்டு பேரும் ஒரே கையை எதிர்பார்த்திருக்கிறார்கள். யோபு தன் பாடுகளுக்கு விளக்கம் கேட்டபோது, தேவன் அவனுக்குக் காட்டியதும் மலையாட்டையும் காட்டுக்கழுதையையும் கழுகையும்தான். மனிதனுக்குப் பயன்படாத, மனிதன் காணாத இடங்களில் வாழும் ஜீவன்களை அவர் பெயர்பெயராகச் சொல்லுகிறார். சிறுவயதில் இந்தப் பகுதி எனக்கு வேடிக்கையாயிருந்தது. வாலிபத்தில், கேட்ட கேள்விக்குப் பதிலாகத் தோன்றவில்லை. முண்டந்துறையில் தாழிட்ட கதவுக்குப் பின்னால் படுத்திருந்தபோது, அது ஆறுதலாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது. நம்மையன்றி வேறு எவரையும் நினையாத கர்த்தர் அல்ல அவர். நாம் அப்படி விரும்பினாலும் அவர் அப்படி ஆகப்போவதில்லை.

கதவைத் தாழிட்டது அவிசுவாசமா என்று மறுநாள் காலை மகள் கேட்டாள். பதினைந்து வயதில் வரவேண்டிய கேள்விதான். பிசாசு தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னபோது ஆண்டவர் குதிக்கவில்லையே என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும் வழியில், மிளா ஓடாமல் நின்று கத்துவது ஏன் என்று தன் தம்பிக்கு மிகத் தெளிவாக விளக்கிக்கொண்டு வந்தாள்.

இனி வாலிபர் ஐக்கியத்தாருக்கு. போகலாம், ஆனால் கூட்டமாக வேண்டாம். அனுமதியை முன்கூட்டியே அம்பாசமுத்திரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். புலிகள் கணக்கெடுப்பு நாட்களிலும் காட்டுத்தீ அபாயமுள்ள நாட்களிலும் அனுமதி நிறுத்தப்படுவதுண்டு. அப்போது யாரையாவது பிடித்து வேறு வழியாக நுழைய முயல வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிடாதீர்கள். அவர்களில் பலர் உங்கள் வயதினர். ஒலிபெருக்கி வேண்டாம். பாட்டுப் பாட ஆசையானால் மெதுவாகப் பாடுங்கள். காட்டில் சத்தம் என்பது ஒருவருக்கொருவர் செய்தி, அதை நாம் அழிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் எதையும் கொண்டுபோகாதீர்கள். வாழையிலையும் தூக்குச்சட்டியும் போதும். வாகனத்தைவிட்டு இறங்கி யானையோடு படம் எடுக்க எண்ணுகிறவர் உங்களில் இருந்தால், அவரை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். போகும்போது உங்கள் தாத்தா பாட்டியில் ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள்.

அந்தச் சகோதரியின் காரியத்தையும் தெரிவித்துவிடுகிறேன். காட்டு விலங்கால் கால்நடையை இழந்தவர்களுக்கு அரசு இழப்பீடு உண்டு. உடனே வனத்துறைக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவரின் சான்றும் பெற வேண்டும். முதல் இரண்டு ஆடுகளுக்கு அவர் அதைச் செய்யவில்லை. மூன்றாவதற்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. பணம் வரும்போது வரட்டும். அதற்குள் தொழுவின் சுவரை உயர்த்தி, நாற்புறமும் மேலேயும் இரும்பு வலை அடித்து, தகரக் கூரை போட்டு, தாழ்ப்பாளுள்ள கதவு வைத்துவிட வேண்டும். கூரை மூடிய தொழுவுக்குள் சிறுத்தை இறங்குவது கடினம். ஆண்கள் ஐக்கியத்தார் வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலய வளாகத்திலிருந்து வேனில் புறப்படுகிறார்கள். வெல்டிங் தெரிந்த இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வலையும் தகரமும் வாங்கியாயிற்று. செங்கல்லை ஒரு சகோதரர் தருகிறார். மதிய உணவை ஐயரம்மாவும் பெண்கள் ஐக்கியத்தாரும் கவனித்துக்கொள்வார்கள். பன்னிரண்டடி ஏணி ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிவிக்கவும்.